கடலோரச் சாலையும் மலைப் பூங்காக்களும்

கோடை விடுமுறையில் நெடும்பயணம் போக விரும்பும் அமெரிக்கக் குடும்பத்தார் சாலைப் படத்தை மேசைமீது விரித்து வைத்துக்கொண்டு வழி ஆராய்வது பழைய வழக்கம். அந்நாட்டின் மேற்குக் கரையைக் காண விழைவோர் அப்படத்தில் முதலில் தேடுவது, கலிபோர்னியாவின் தென்பகுதியில் தொடங்கி, பசிபிக் மாகடலை ஒட்டி, ஆரிகன் மாநிலத்தைக் கடந்து, வாஷிங்டன் மாநிலம்வரை செல்லும் கடலோரச் சாலையே ஆகும். அச்சாலையிலிருந்து கிழக்கே திரும்பும் கிளை வழிகள் யோசெமிட்டி, கிரேட்டர் ஏரி, ரெயினியர் மலை முதலிய தேசியப் பூங்காக்களுக்கு நம்மைக் கொண்டு சேர்க்கும்.

இங்கே பூங்கா என்பது பாத்தி கட்டி மலர் வளர்க்கும் தோட்டமன்று. மலையும் காடும் அருவியும் இருந்தது இருந்தவாறே இருக்க வேண்டுமென்று அரசு சட்டத்தால் காத்து நிற்கும் பெருநிலப் பரப்பு அது. சாலையோ நிலத்தை வெட்டித் திருத்தி அமைப்பது. இவ்விரண்டும் எப்படி ஒன்றுபட்டன? ஒன்றுபட்டதனால் விளைந்த நன்மை யாது, தீமை யாது? இதனை ஆராய்வதே இன்றைய பேச்சின் நோக்கம்.

பயணத் திட்டம் வகுப்போர் கடலைப் பற்றிக் கவலைப்படுவதற்கு முன்னால் பனியைப் பற்றிக் கேட்டறிதல் வேண்டும். யோசெமிட்டிப் பூங்காவின் கிழக்கு வாயிலாகிய தியோகா கணவாய் 9,945 அடி உயரத்தில் உள்ளது. குளிர்காலத்தில் பனி மூடிவிடுவதால், மே மாத இறுதியிலோ ஜூன் மாதத்திலோதான் அவ்வழி பெரும்பாலும் திறக்கும். கிரேட்டர் ஏரியில் ஓர் ஆண்டில் சராசரியாக 40 அடிக்கு மேல் பனி பொழிகிறது. ஏரியைச் சுற்றி வரும் சாலை முழுவதும் திறப்பதற்குப் பல ஆண்டுகளில் ஜூலை மாதம் வந்துவிடும். ஆகவே மலைப் பூங்காப் பயணம் கோடைப் பயணமாக அமைந்தது மனிதர் விருப்பத்தால் மட்டும் நேர்ந்ததன்று. மலை விதித்த விதியும் அதுவே.

இனிக் கடலோரச் சாலையின் வரலாற்றைக் காண்போம். கலிபோர்னியாவில் பிக் சர் என்னும் பகுதியில் சான்டா லூசியா மலைத்தொடர் நேராகக் கடலில் இறங்கி நிற்கிறது. 1894-ஆம் ஆண்டு ஏப்ரல் மாதத்தில் லாஸ் ஏஞ்சல்ஸ் என்னும் பெயர் கொண்ட கப்பல் ஒன்று அங்கே பாறையில் மோதி உடைந்தது. அடிபட்டவர்களுக்கு உதவி செய்ய மான்டரே நகர மருத்துவர் ஜான் ராபர்ட்ஸ் குதிரை வண்டியில் விரைந்தார். கரடுமுரடான பாதையில் சுமார் 30 மைல் செல்ல அவருக்கு மூன்றரை மணி நேரம் ஆயிற்று. இக்கரையில் நல்ல சாலை வேண்டும் என்ற எண்ணம் அவர் உள்ளத்தில் வேரூன்றியது. பின்னர் அவர் அக்கரை நெடுகக் கால்நடையாகவே சென்று, வழியின் படத்தை வரைந்து, அரசினரிடம் பல்லாண்டு வாதாடினார்.

1937-ஆம் ஆண்டிலேதான் அச்சாலை முழுமை பெற்றது. பாறைகளை வெடி வைத்துப் பிளந்தவர்களுள் சான் குவென்டின் சிறையிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளும் இருந்தனர். 1932-இல் கட்டி முடிக்கப்பட்ட பிக்ஸ்பி பாலம், ஓடையின் படுகைக்கு மேல் ஏறத்தாழ 260 அடி உயரத்தில் ஒரே வளைவாக நிற்கிறது. இன்று அதனருகே நின்று படம் பிடிப்போர் பலர். அச்சாலை அமைத்த கைகளை நினைப்போர் சிலரே. மலையும் இன்னும் முற்றும் இணங்கிவிடவில்லை. 2017-ஆம் ஆண்டில் மட் கிரீக் என்னுமிடத்தில் மலைச்சரிவு நேர்ந்து சாலையைக் கடலுக்குள் தள்ளியது. மீண்டும் அவ்வழி திறக்க ஓராண்டுக்கு மேல் ஆயிற்று. எனவே திட்டம் வகுப்போர் மாற்று வழியையும் குறித்து வைத்துக்கொள்வது நலம்.

பூங்காக்களின் கதை சாலையின் கதையினும் பழையது. யோசெமிட்டிப் பள்ளத்தாக்கை மக்கள் அனைவருக்கும் உரிய இடமாகக் காக்கும்படி கலிபோர்னியா மாநிலத்திடம் ஒப்படைக்கும் சட்டத்தில் ஆபிரகாம் லிங்கன் 1864-ஆம் ஆண்டு கையொப்பமிட்டார். உள்நாட்டுப் போர் மும்முரமாக நடந்துகொண்டிருந்த காலம் அது. 1890-இல் பள்ளத்தாக்கைச் சூழ்ந்த மலைப்பகுதி தேசியப் பூங்கா ஆயிற்று. ஆனால் "மக்கள் அனைவருக்கும்" என்ற சொல்லில் அங்கே தொன்றுதொட்டு வாழ்ந்த அவானீச்சி மக்கள் இடம் பெறவில்லை. 1851-ஆம் ஆண்டிலேயே ஆயுதந்தாங்கிய படை ஒன்று புகுந்து அவர்களைத் துரத்தியது. திரும்பி வந்து தங்கியவர்களின் வழித்தோன்றல்களும் நாளடைவில் ஒதுக்கப்பட்டு, 1969-இல் அவர்களது கடைசிக் குடியிருப்பும் அகற்றப்பட்டது. இயற்கை அழகை நாம் வியக்கும்போது இவ்வுண்மையை மறத்தல் தகாது.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மோட்டார் வண்டி வந்தது. புகையும் ஓசையும் குதிரைகளை மிரட்டும் என்றும், அமைதியைக் குலைக்கும் என்றும் கருதி, 1907-இல் யோசெமிட்டியில் மோட்டார் வண்டிகளைத் தடை செய்தனர். வடக்கே ரெயினியர் மலைப் பூங்காவோ அடுத்த ஆண்டிலேயே அவற்றுக்கு இடமளித்தது. யோசெமிட்டியின் கதவையும் திறக்க வேண்டுமென்று மோட்டார்ச் சங்கத்தார் வற்புறுத்தினர். அப்போது அமெரிக்காவில் பிரிட்டிஷ் தூதராயிருந்த ஜேம்ஸ் பிரைஸ் என்னும் அறிஞர், ஏதேன் தோட்டத்தில் பாம்பை நுழையவிட்டதற்கு இது நிகராகும் என்று 1912-இல் எச்சரித்தார். எனினும் 1913-ஆம் ஆண்டு தடை நீங்கியது.

அதே ஆண்டின் இறுதியில் மற்றொரு நிகழ்ச்சி நடந்தது. யோசெமிட்டிப் பூங்காவுக்கு உள்ளேயே ஹெட்ச் ஹெட்சி என்னும் பள்ளத்தாக்கு உண்டு. அழகில் அது யோசெமிட்டிப் பள்ளத்தாக்கின் தங்கை எனத் தக்கது. சான் பிரான்சிஸ்கோ நகரின் குடிநீருக்காக அதில் அணை கட்டிக்கொள்ளக் காங்கிரஸ் இசைந்தது. இயற்கைப் பற்றாளராகிய ஜான் மியூர் பல்லாண்டு போராடியும் பயனில்லை. தோல்விக்குக் காரணங்கள் பல. அவற்றுள் ஒன்று, அப்பள்ளத்தாக்கைக் கண்ணால் கண்டவர் மிகச் சிலரே என்பது. கண்டறியாத ஒன்றுக்காக வாதாட யார் முன்வருவர்? 1923-இல் அணை எழுந்தது. பள்ளத்தாக்கு நீருள் மறைந்தது.

பூங்காக்களைக் காக்க முன்வந்தவர்கள் இதிலிருந்து ஒரு பாடம் கற்றனர். அவர்களுள் தலையானவர் ஸ்டீபன் மேத்தர். வெண்கார வாணிகத்தில் பெரும்பொருள் ஈட்டிய இவர், 1916-இல் தோன்றிய தேசியப் பூங்காத் துறையின் முதல் இயக்குநரானார். மக்கள் வந்து கண்டாலன்றி அவர்கள் பூங்காக்களை விரும்பமாட்டார்கள். விரும்பினாலன்றிக் காங்கிரஸ் பணம் ஒதுக்காது. வருவதற்கோ சாலை வேண்டும். இதுவே அவர் கண்ட கணக்கு. வெள்ளிச் சுரங்கத்துக்காக 1883-இல் பெரும்பாலும் சீனத் தொழிலாளர் அமைத்த தியோகா பாதை பழுதுபட்டுக் கிடந்தது. 1915-ஆம் ஆண்டு மேத்தர் தம் பணத்தையும் நண்பர் பணத்தையும் சேர்த்து, 15,500 டாலருக்கு அதனை வாங்கி அரசுக்கு வழங்கினார்.

ஆரிகன் மாநிலத்திலும் இவ்வாறு முயன்றவர் உண்டு. வில்லியம் ஸ்டீல் என்பவர், தாம் பள்ளி மாணவராயிருந்தபோது உணவு சுற்றி வந்த செய்தித்தாளிலேதான் கிரேட்டர் ஏரியைப் பற்றி முதன்முதல் படித்ததாகப் பின்னாளில் கூறினார். 1885-இல் அதனை நேரில் கண்டு, 17 ஆண்டுகள் இடைவிடாது முயன்று, 1902-இல் அது தேசியப் பூங்கா ஆகும்படி செய்தார். எரிமலையின் உச்சி இடிந்து விழுந்த குழியில் நிறைந்த அந்நீலநீர் 1,943 அடி ஆழம் உடையது. அம்மாநிலத்தின் ஆளுநர் ஆஸ்வால்ட் வெஸ்ட், 1913-இல் கடற்கரையின் ஈரமணற் பரப்பைப் பொதுச் சாலை என்று அறிவிக்கும் சட்டம் இயற்றச் செய்தார். கரை தனியார் கைக்குப் போகாமல் தடுக்கச் சாலை என்ற சொல்லே அவருக்குக் கேடயமாயிற்று! பின்னர்ப் பொறியாளர் கான்டி மெக்கல்லோவின் மேற்பார்வையில் ஐந்து பெரும் பாலங்கள் எழுந்து 1936-இல் நிறைவுற்றன. அதுவரை படகில் கடந்த கழிமுகங்களை வண்டியிலேயே கடக்க வழி பிறந்தது.

சாலை திறந்தது, ஆனால் எல்லோருக்கும் ஒருபடித்தாகத் திறந்ததா? கருப்பின மக்கள் வண்டி வைத்திருந்தும், இரவில் தங்க விடுதி கிடைக்காமலும், சில ஊர்களில் நிற்கவும் இயலாமலும் துன்புற்றனர். நியூயார்க்கில் வாழ்ந்த விக்டர் ஹியூகோ கிரீன் என்னும் அஞ்சல்காரர், அவர்கள் அச்சமின்றித் தங்கக்கூடிய இடங்களைத் தொகுத்து 1936 முதல் ஒரு கையேடு வெளியிட்டார். இத்தகைய நூல் வேண்டாத நாள் வரவேண்டும் என்பதே அவர் விருப்பம். 1964-இல் குடியுரிமைச் சட்டம் நிறைவேறிய பின், சில ஆண்டுகளில் அக்கையேடு நின்றது. ஒரு குடும்பம் பயணத்துக்குத் திட்டமிடுவது என்ற எளிய செயலுக்குள் எத்தகைய அநீதி மறைந்திருந்தது என்பதை இது காட்டுகிறது.

மேத்தரின் கணக்கு பலித்தது. அளவுக்கு மீறியும் பலித்தது. 1916-இல் பூங்காக்களுக்கு வந்தோர் ஏறத்தாழ மூன்றரை இலட்சம் பேர். 1955-இல் அத்தொகை ஐந்து கோடியைத் தாண்டியது. யோசெமிட்டியிலே வவோனா என்னும் மாபெரும் செக்கோயா மரத்தின் அடியைக் குடைந்து 1881-இலேயே வண்டிப்பாதை அமைத்திருந்தனர். குதிரை வண்டிகளும், பின்னர் மோட்டார் வண்டிகளும் அதனூடே சென்றன. 1969-ஆம் ஆண்டுக் குளிர்காலத்தில் உச்சியில் படிந்த பனிச்சுமை தாங்காமல் அம்மரம் வீழ்ந்தது. குடைந்த அடிமரம் வலிமை இழந்திருந்தது.

அக்காலத்திலேயே மக்கள் மனம் மாறத் தொடங்கிவிட்டது. 1970 முதல் யோசெமிட்டிப் பள்ளத்தாக்கில் கட்டணமில்லாப் பேருந்துகள் ஓடலாயின; ஒரு பகுதியில் தனியார் வண்டிகள் விலக்கப்பட்டன. கடலோரத்தில் வானளாவ நிற்கும் ரெட்வுட் மரங்களைக் காக்க 1918-இலேயே ஒரு கழகம் தோன்றியது. 1968-இல் அங்கே தேசியப் பூங்கா அமைந்தது. பின்னர் அக்காட்டின் ஊடே சென்ற நெடுஞ்சாலைக்கு மாற்றாக ஒரு புறவழி அமைக்கப்பட்டு, 1992-இல் பெரும் போக்குவரத்து அவ்வழியே திருப்பப்பட்டது. வாஷிங்டன் மாநிலத்தில் 1938-இல் அமைந்த ஒலிம்பிக் பூங்காவிலோ, குறுக்கே செல்லும் சாலை இன்றளவும் கிடையாது. நெடுஞ்சாலை அதனைச் சுற்றியே செல்கிறது. நடுமலையைக் காண்பவர் வண்டியை நிறுத்திவிட்டு நடந்தே போகவேண்டும்.

மாணவ நண்பர்களே! சாலை இல்லாமையால் ஹெட்ச் ஹெட்சிக்காகப் பேச ஆளில்லாமற் போயிற்று. சாலை மிகுந்தமையால் யோசெமிட்டி திணறியது. சாலை வேண்டும் என்று போராடியவரும், வேண்டாம் என்று தடுத்தவரும் தத்தம் அளவில் உண்மை கண்டவர்களே. எது வரையில் சாலை செல்லலாம், எங்கே அது நின்றுவிட வேண்டும் என்று முடிவு செய்யும் பொறுப்பு ஒவ்வொரு தலைமுறைக்கும் புதிதாக வந்து சேர்கிறது. நீங்கள் எந்த நாட்டு மலைக்குப் பயணம் போனாலும், சாலை முடியும் இடத்தில் இறங்கிச் சிறிது தூரம் நடந்து பாருங்கள். அங்கே சாலை ஏன் நின்றது என்று கேளுங்கள். யாரோ சிலர் பாடுபட்டு அதனை அங்கே நிறுத்தியிருப்பார்கள். அவர்கள் வரலாற்றைத் தேடிப் படித்தல் உங்கள் கடமை.