கைதாவின் குரலில் ஓர் அக்கார்டியன்

1829இல் வியன்னாவில் சிரில் டெமியான் காப்புரிமை வாங்கிய பெட்டி அக்கார்டியன். பல்கேரியக் கிராமங்களுக்கு அது தாமதமாக வந்த விருந்தாளி. அங்கே ஊரார் கைகோத்து ஆடும் ஹோரோவுக்கு வாசித்தவை கைதா என்ற தோல்பைக் குழல், கவால் என்ற புல்லாங்குழல், கதுல்கா என்ற வில் வாத்தியம், தப்பான் முரசு. அந்த வரிசையில் இந்தப் பெட்டிக்கு இடம் பிடித்துக் கொடுத்தவர்களில் முதலில் சொல்ல வேண்டியவர் போரிஸ் கார்லோவ். 1924இல் பிறந்த ரோமா இனக் கலைஞர்.

ஹோரோவின் தாளக் கணக்கு லேசுப்பட்டதல்ல. ரச்செனிட்சா என்ற ஆட்டத்துக்கு ஏழு எண்ணிக்கை: மிஸ்ர சாப்பின் ‘தகிட தகதிமி’யை முன்பின்னாக மாற்றினால் கிடைக்கும் ‘தகதிமி தகிட’. கோபானிட்சாவுக்குப் பதினொன்று: நடுவில் ‘தகிட’, இருபுறமும் ‘தகதிமி’. புச்சிமிஷுக்குப் பதினைந்து. ஆடுகிறவர்கள் யாரும் எண்ணிக்கொண்டிருப்பதில்லை. ‘தகதிமி’ இரண்டு குறுகிய அடிகள், ‘தகிட’ ஒரு நீண்ட அடி; அந்த நீண்ட அடி எங்கே விழும் என்பது காலுக்குத் தெரியும். இதைப் ‘பல்கேரியத் தாளம்’ என்று அழைத்த ஹங்கேரிய இசையமைப்பாளர் பார்டோக், தம் ‘மைக்ரோகாஸ்மஸ்’ பியானோ தொகுப்பை அதில் அமைந்த ஆறு நடனங்களோடுதான் முடித்தார்.

கார்லோவின் கைவண்ணம் பொடி சுரங்களில் இருந்தது. கைதாவில் பையின் காற்று ஓயாமல் குழலுக்குள் போய்க்கொண்டே இருக்கும். நடுவில் நிறுத்த வழியில்லை. ஒரே சுரம் அடுத்தடுத்து இரண்டு முறை வர வேண்டுமானால், இடையில் இன்னொரு விரலைச் சட்டென்று அசைத்துத்தான் பிரிக்க முடியும். கைதாவின் நுணுக்கு அசைவுகள் பலவும் இந்த இக்கட்டிலிருந்து பிறந்தவை. அக்கார்டியனுக்கு அந்தச் சங்கடமே இல்லை. கட்டையை விட்டு மறுபடி அழுத்தினால் போதும். இருந்தும் கார்லோவின் வலக்கை அந்தப் பொடிகளை விடவில்லை. இடக்கைப் பொத்தான்கள் தப்பானின் வேலையைப் பார்த்துக்கொண்டன.

அரசு மேடை வேறு வழியில் போனது. 1951இல் பிலிப் குதேவ் தொடங்கிய அரசுக் குழுவும் அதன் வழிவந்தவையும் கைதா, கவால், கதுல்கா, பல்கேரிய நரம்பு வாத்தியமான தம்புரா ஆகியவற்றையே முன்னிறுத்தின. ‘நாட்டார் வாத்தியம்’ என்ற பட்டியலில் அக்கார்டியன் ஓரத்தில்தான் நின்றது. அதே குழுக்களுக்காகக் கதுல்காவைச் செல்லோ அளவுக்குப் பெரிதாக்கிப் புதிதாகச் செய்ததில் மட்டும் மரபுக்குப் பங்கம் வந்ததாக யாருக்கும் தோன்றவில்லை என்பது வேடிக்கை.

ஆடுகிறவர்களுக்கு இந்தப் பட்டியலைப் பற்றிக் கவலையில்லை. வானொலியிலும் இசைத்தட்டிலும் கார்லோவ் ஒலித்தார். 1964இல் அவர் மறைந்த பிறகும் அமெரிக்க நாட்டார் நடன மன்றங்கள் அவருடைய இசைத்தட்டுகளைப் போட்டு ஆடின. பல்கேரியாவில் கோஸ்தா கோலெவ், இப்ரோ லோலோவ் போன்றோர் அக்கார்டியனைத் தொடர்ந்தார்கள்.

கல்யாணங்களில் அதன் கை இன்னும் ஓங்கியது. 1974இல் கிளாரினெட் மேதை இவோ பாபசோவ் தொடங்கிய ‘திராகியா’ குழுவில் அக்கார்டியன் நெஷ்கோ நெஷெவுடையது. பந்தலில் மின் கிட்டாரும் டிரம்ஸும் முழங்க, கிளாரினெட்டும் அக்கார்டியனும் ஒரே மெட்டை மூச்சுமுட்டும் வேகத்தில் சேர்ந்தே வாசிக்கும். அதிகாரிகள் முகம் சுளித்தார்கள். ஆனாலும் 1985இல் ஸ்தாம்போலோவோ என்ற ஊரில் கல்யாண இசைக் குழுக்களுக்கென்றே ஒரு விழா நடந்தது. 1989இல் பாபசோவ் குழுவின் இசைத்தட்டு மேற்கு நாடுகளிலும் வெளியானது.