நகரும் வீட்டுக்குக் காப்பு எது?

திருக்கழுக்குன்றத்திலிருந்து மாமல்லபுரம் செல்லும் சாலை, சிற்பங்களை அடையும் முன் பக்கிங்ஹாம் கால்வாயைக் கடக்கிறது. ஐந்து ரதங்களைக் காணும் ஆவலில் வருவோர் அதைக் கவனிப்பதில்லை. நாங்களும் பலமுறை அப்படிக் கடந்து போனவர்கள்தாம். காரின் பின்னால் பூட்டி இழுக்கும் டிரெய்லரையே நிரந்தர வீடாக்கிக்கொள்ள விரும்பும் நண்பர் ஒருவர், "வண்டிக்குக் காப்பீடு எடுத்துவிட்டால் அதற்குள் நடக்கும் குடித்தனத்துக்கும் காப்பு உண்டா?" என்று கேட்டபோதுதான் அக்கால்வாய் எங்கள் நினைவுக்கு வந்தது.

1806-இல் சென்னைக்கு வடக்கே எண்ணூர் நோக்கி வெட்டத் தொடங்கிய கால்வாய் அது. 1877-78 பஞ்ச நிவாரணப் பணியில் கூவமும் அடையாறும் இணைக்கப்பட்டன. அப்போதைய ஆளுநர் பக்கிங்ஹாம் கோமகனின் பெயர் அதற்கு வாய்த்தது. ஆந்திரத்துப் பெத்தகஞ்சாம் முதல் மரக்காணம் வரை ஏறத்தாழ 420 கிலோமீட்டர். உப்பும் விறகும் தானியமும் அதன்வழியே நகரத்துக்குச் சென்றன. காற்றிருந்தால் பாய், இல்லையேல் துடுப்புக்கழியும் கரையிலிருந்து இழுக்கும் கயிறும். பாரதிதாசனின் 'மாவலிபுரச் செலவு' அப்படியொரு படகுப் பயணத்தில் பிறந்த கவிதை. படகை இழுத்தவர்களின் உழைப்பை அது மறக்கவில்லை. நாட்கணக்கில் நீளும் பயணங்களில் படகோட்டிகள் படகிலேயே சமைத்தனர், உண்டனர், உறங்கினர்.

அரசின் பார்வையில் அது வெறும் கலம். 1890-ஆம் ஆண்டின் சென்னைக் கால்வாய்கள், பொதுப் படகுத்துறைகள் சட்டம் உரிமத்தையும் சுங்கத்தையும் பேசிற்று. 1917-இன் உள்நாட்டு நீராவிக் கலங்கள் சட்டம் எந்திரக் கலங்களை மட்டுமே கருதிற்று. அவற்றால் பிறருக்கு நேரும் இழப்புக்குக் கட்டாயக் காப்பீடு 1977-ஆம் ஆண்டுத் திருத்தத்தில்தான் வந்தது. கயிறு பிடித்து இழுத்த நாட்டுப் படகும் அதன் அடுப்பும் பாயும் அந்தக் கட்டாயத்துக்கு வெளியே நின்றன.

இது தற்செயலன்று. காப்பீடு இரு வேர்களில் கிளைத்தது. ஒன்று கடல்: ஆம்ஸ்டர்டாமில் 1598-இலேயே காப்பீட்டு வழக்குகளுக்கெனத் தனி மன்றம் அமைந்தது. திருக்கழுக்குன்றத்துக்குக் கிழக்கே, சதுரங்கப்பட்டினத்தில் கோட்டை கட்டித் துணி வாங்கிய டச்சுக்காரர்களின் நகரம் அது. மற்றொன்று தீ: 1666-இல் லண்டன் எரிந்தபின், நிற்கும் வீடுகளுக்கான காப்பீடு 1680-களில் அங்கு வேரூன்றியது. ஓடுவது ஒரு பேரேட்டில், நிற்பது இன்னொன்றில். ஓடுவதிலேயே குடியிருப்பவனுக்கு இரண்டிலும் பக்கம் ஒதுக்கப்படவில்லை.

மேலைநாட்டில் இச்சிக்கல் சாலையில் எழுந்தது. 1885-இல் வில்லியம் கார்டன் ஸ்டேபிள்ஸ் என்ற மருத்துவர் 'வாண்டரர்' என்னும் குதிரை வண்டிவீட்டில் பிரிட்டனைச் சுற்றினார். அவருக்கு அது இன்பச் சுற்றுலா. 1930-களின் பொருளாதார நெருக்கடியிலும் அடுத்து வந்த போர்க்காலத்திலும் அமெரிக்கர் பலருக்கு டிரெய்லரே வீடாயிற்று. 1950-களில் அகலமான, எளிதில் நகர்த்தவியலாத 'மொபைல் ஹோம்' தனி இனமாகப் பிரிந்தது. 1976-இல் அதற்கு மத்திய அரசின் கட்டுமான விதிகளும் வந்தன. சிறிய பயண டிரெய்லர் வண்டியாகவே எஞ்சியது. அதில் ஆண்டு முழுதும் வாழ்வோருக்காக அங்குள்ள நிறுவனங்கள் பின்னர் 'முழுநேரக் குடியிருப்பு' என்ற தனிக் காப்பைச் சேர்த்தன. உள்ளிருக்கும் உடைமை, வாசற்படியில் விருந்தினர் வழுக்கி விழுந்தால் எழும் பொறுப்பு, வண்டி பழுதான நாட்களில் தங்கும் செலவு ஆகியவை அதன் உள்ளடக்கம்.

நம் நாட்டிலோ, 1939-ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம் கொணர்ந்து, 1946-இல் நடைமுறைக்கு வந்த கட்டாயக் காப்பீடு, சாலையில் அடிபடும் மூன்றாம் மனிதருக்கானது. 1988-ஆம் ஆண்டுச் சட்டமும் அவ்வழியே செல்கிறது. வண்டிக்கு நேரும் சேதத்துக்குத் தனியே கட்டணம் செலுத்தலாம், அதுவும் வண்டிக்கே. 2021 ஏப்ரலில் அறிமுகமான 'பாரத் கிருஹ ரக்ஷா' என்ற பொதுவான வீட்டுக் காப்பீடோ, கட்டடத்தையும் அதனுள் உள்ள பொருள்களையும் மையமாகக் கொண்டது. சக்கரத்தின் மேல் நிற்கும் சமையலறை இரண்டுக்கும் நடுவே நிற்கிறது.

ஆகவே நண்பருக்கு நாங்கள் சொன்னது ஒரு பழைய வழக்கு. சுமத்ராவில் கிழக்கிந்தியக் கம்பெனியின் மார்ல்பரோ கோட்டை ஆளுநர் கார்ட்டர், அக்கோட்டை எதிரியிடம் வீழ்ந்தால் இழப்பீடு பெறுமாறு காப்பீடு எடுத்தார். 1760-இல் பிரெஞ்சுக்காரர் பிடித்தனர். ஆளுநர் உண்மைகளை மறைத்தார் என்றார் காப்பீட்டாளர். 1766-இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு ஆளுநர் பக்கமே தீர்ப்பளித்தார்; ஆயினும், காப்பீடு கேட்பவர் தாம் மட்டுமே அறிந்த முக்கிய உண்மையை மறைக்கலாகாது என்ற நெறியை அதே தீர்ப்பில் நிலைநாட்டினார். விடுமுறைக்கு மட்டும் என்று எழுதிக்கொடுத்து ஆண்டெல்லாம் குடியிருப்பவர், தீ விபத்துக்குப் பிறகு சந்திக்கப் போவது இந்நெறியைத்தான். குடியிருக்கிறேன் என்பதை முதலிலேயே எழுத்தில் சொல்லுங்கள். அடுப்பு, உடைமை, விருந்தினர் மூன்றுக்கும் காப்பு உண்டா என்று எழுத்திலேயே விடை பெறுங்கள் என்றோம்.

மாமல்லபுரத்தில் திரௌபதி ரதம் என்று நாம் வழங்குவது ஒரு கூரைக் குடிசையின் வடிவம். ஒருநாளும் நகராத குடிசையைத் தேரென்று ஏற்றுக்கொண்டோம். நகரும் வண்டியை வீடென்று ஏற்கும் ஒரு வரி, காப்பீட்டுப் பத்திரத்தில் இன்னும் தேவைப்படுகிறது.