திரும்பி வந்த 4182

வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிடங்கின் பில் கணக்கு என் பொறுப்பு. மைஎஸ்கியூஎல் தரவுத்தளம், பில் எண் தானாக ஏறும். கடைசி பில் 4182 ரத்தானது, அட்டவணையில் அதன் வரிசையையே அழித்துவிட்டேன். இரவு சர்வரை நிறுத்தி ஏற்றினோம். காலையில் வேறொரு வாடிக்கையாளருக்கு அதே 4182! திட்டு எனக்குத்தான்.

மைஎஸ்கியூஎலின் சேமிப்பு எஞ்சினான இன்னோடிபி அடுத்த எண்ணை நினைவகத்தில் மட்டுமே வைத்திருந்தது. மறுபடி எழும்போது அட்டவணையிலுள்ள பெரிய எண்ணோடு ஒன்றைக் கூட்டிக்கொள்ளும், அவ்வளவே. 2003-லேயே 199ஆம் எண் புகாராகப் பதிவான குறை இது. 2018-இல் வந்த 8.0 பதிப்பில்தான் தீர்ந்தது. பதினைந்து வருஷம்!

தொடர்புசார் தரவுத்தளங்களுக்கு அடித்தளமிட்ட 1970 கட்டுரையில், ஒவ்வொரு வரிசையையும் தனித்துக் காட்டும் முதன்மைச் சாவியைப் பேசிய எட்கர் காட், அந்தச் சாவி தானாக ஏறும் எண்ணாக இருக்கவேண்டுமென்று கேட்கவில்லை. தானாக ஏறும் எண் பின்னால் சேர்ந்த வசதி. ஆரக்கிள்காரர்களுக்கு அது 2013-இல், 12சி பதிப்பில்தான் கிடைத்தது. அதுவரை சீக்வென்ஸ், ட்ரிக்கர் என்று கைவேலை.

இன்னும் மைஎஸ்கியூஎல் 5.7 ஓட்டுகிறீர்களா? கடைசி பில்லை அழிக்காதீர்கள். ரத்து என்று குறித்து வையுங்கள்.