கொங்கு நாட்டு ரோமானிய வெள்ளிக்காசுகள்

கொங்கு நாட்டில் புதையல்களாகக் கிடைத்த ரோமானிய வெள்ளிக்காசுகளில் பெரும்பகுதி இரண்டே பேரரசர்களுடையது: அகஸ்டஸ், அவரை அடுத்து ஆண்ட டைபீரியஸ். தெனாரியஸ் எனப்படும் இக்காசின் எடை ஏறத்தாழ 3.8 கிராம். கோயம்புத்தூரை ஒட்டிய வெள்ளலூரில் 1842இல் ஒரே புதையலில் 522 காசுகள் கிடைத்தன. உடுமலைப்பேட்டை வட்டாரத்துப் பூதிநத்தத்தில் 1946இல் அகப்பட்டவை ஆயிரத்துக்கும் மேல். பொள்ளாச்சி, கரூர் பக்கங்களிலும் கிடைத்துள்ளன.

இவற்றுள் சுவையானது அகஸ்டஸின் வாரிசுக் காசு. கி.மு. 2 முதல் லுக்துனத்தில், அதாவது இன்றைய பிரான்சின் லியோனில், அச்சிடப்பட்டது. முன்புறம் வாகை சூடிய பேரரசரின் தலை. பின்புறம் அவருடைய மகள் வயிற்றுப் பேரன்களும் தத்துப் பிள்ளைகளுமான கேயஸ், லூசியஸ் இருவரும் ஈட்டி, கேடயங்களுடன் நிற்கிறார்கள். மேலே பூசைக் கருவிகள். அடுத்து ஆளப்போவது யார் என்பதை ஊரறியச் சொல்லும் ஏற்பாடு இது. ஏற்பாடு பலிக்கவில்லை. லூசியஸ் கி.பி. 2இலும் கேயஸ் கி.பி. 4இலும் இறந்துபோக, இவர்கள் தலையெடுத்தபோது ரோட்ஸ் தீவில் ஒதுங்கிக் கிடந்த டைபீரியஸே கி.பி. 14இல் பட்டத்துக்கு வந்தார். கொங்கு மண்ணிலோ இம்மூவரும் ஒரே புதையலில் சேர்ந்தே கிடந்தார்கள்.

காசு வந்த வழி பெரும்பாலும் மேற்குக் கடற்கரையிலிருந்து பாலக்காட்டுக் கணவாய் ஊடாக. காசை இங்கே வரவழைத்த சரக்குகளில் ஒன்று கல்மணி. ஈரோடு மாவட்டத்தில், நொய்யல் கரைக் கொடுமணலில், கல்மணிகள் செய்த தொழிற்கூடங்களைத் தமிழ்ப் பல்கலைக்கழக அகழாய்வு வெளிக்கொணர்ந்தது. காங்கயம் அருகே படியூரில் பெரில் எனும் பச்சைக்கல் கிடைத்தது.

வாங்கியவர்கள் முகத்தைவிட வெள்ளியின் தரத்தைத்தான் பார்த்திருக்க வேண்டும். வெவ்வேறு உருவங்கள் இருந்தும் எல்லாக் காசும் ஒரே எடையில் இருந்ததைக் கண்டு இலங்கை மன்னர் ஒருவர் வியந்தார் என்கிறார் ரோமானிய எழுத்தாளர் பிளினி. கி.பி. 64இல் பேரரசர் நீரோ காசின் எடையையும் தூய்மையையும் குறைத்தார். அதற்குப் பிந்தைய வெள்ளிக்காசுகள் இங்கே மிக அரிது.

நம்பிக்கை பெற்ற அச்சுக்குப் போலியும் உண்டானது. பேரன்கள் இருவர் நிற்கும் காசைப் பார்த்து, எழுத்து புரியாமல் கோணல்மாணலாக வெட்டிய உள்ளூர் நகல்களும் தென்னிந்தியாவில் கிடைத்துள்ளன.