நீக்கிய பின்னும் நிற்கும் தடம்: பிளேஸ்டேஷன் மெமரி கார்டை ஆவணமாக வாசித்தல்

வீடியோ கேம் வரலாற்றைக் காப்பகப்படுத்த முனைவோர் முதலில் தேடுவது விளையாட்டு வட்டை. அடுத்து அதை ஓட்டும் கருவியை. பிறகு கையேட்டையும் விளம்பரத் தாளையும். மெமரி கார்டு கிடைத்தால் கம்பி, கண்ட்ரோலர் வகையறாவோடு சேர்ந்து துணைக்கருவி என்று பட்டியலில் ஏறிவிடும். இந்த வகைப்பாடு தவறானது என்பதே இக்கட்டுரையின் வாதம். ஒரு வட்டின் பல லட்சம் பிரதிகளும் ஒன்றுபோலவே இருப்பவை. அவற்றுள் எதை எடுத்துப் பார்த்தாலும், வாங்கியவர் எப்படி ஆடினார், எங்கே நின்றார், எதைக் கைவிட்டார் என்று அறிய வழியில்லை. அதைச் சொல்லும் முதன்மைச் சான்று கார்டு. ஆகவே கடிதங்களும் நாட்குறிப்புகளும் இருக்கும் தனிநபர் ஆவணப் பிரிவே அதற்குரிய இடம்.

ஆடியதைப் பதிந்து வைக்கும் சேமிப்பு எப்போதும் இப்படி விளையாட்டிலிருந்து தனித்து நின்றதில்லை. 1986இல் ஜப்பானில் வந்த டிராகன் குவெஸ்ட், ஆட்டம் நின்ற நிலையை ஹிரகானா என்ற ஜப்பானிய எழுத்துகளின் கோவையாகத் திரையில் காட்டியது. ஆடுபவர் அதைத் தாளில் எழுதி வைத்து, மறுமுறை ஒவ்வோர் எழுத்தாக உள்ளிட வேண்டும். அடுத்த ஆண்டு வந்த இரண்டாம் பாகத்தில் கோவை 52 எழுத்து வரை நீண்டது. ஓர் எழுத்துப் பிசகினாலும் அத்தனை நாள் ஆடியதும் வீண். 1988இல் மூன்றாம் பாகம் கேட்ரிட்ஜுக்குள் பேட்டரி வைத்து இந்தத் தொல்லையைத் தீர்த்தது. ஆனால் அப்போது சேமிப்பு விளையாட்டோடு ஒட்டிக்கொண்டது. கேட்ரிட்ஜை விற்றால் அதுவும் கூடவே போய்விடும். எஸ்என்கே நிறுவனத்தின் நியோ ஜியோ 1990இல் கார்டு ஒன்றைத் தந்து, ஆர்கேடில் ஆடியதை வீட்டில் தொடர வழி செய்தது. கருவியின் விலை அதிகம் என்பதால் அந்த வழக்கம் பரவலாகவில்லை.

1994 டிசம்பரில் வந்த சோனியின் பிளேஸ்டேஷன்தான் கார்டை வீட்டுப் பொருளாக்கியது. விளையாட்டு குறுவட்டில் வந்தது. அதில் எழுத முடியாது. எனவே எழுதுவதற்குத் தனி இடம் வேண்டியிருந்தது. அந்த இடம் 128 கிலோபைட் ஃபிளாஷ் நினைவகம். 8 கிலோபைட் அளவுள்ள 16 பிளாக்குகளில் முதலாவது அட்டவணைக்குப் போக, ஆடுபவருக்குக் கிடைப்பவை 15.

அட்டவணையைக் கொஞ்சம் நெருங்கிப் பார்க்கலாம். ஒவ்வொரு பிளாக்குக்கும் 128 பைட்டில் ஒரு பதிவு. பிளாக்கின் நிலை, கோப்பின் அளவு, தொடர்ச்சி எந்தப் பிளாக்கில், கோப்பின் பெயர் ஆகியவை அதில் இருக்கும். வட்டு எந்த நாட்டுச் சந்தைக்கு வந்தது, அதன் தயாரிப்பு எண் என்ன என்பதைப் பெயரே சொல்லிவிடும். சேமிப்பின் தொடக்கத்தில் ஒரு தலைப்பும், 16க்கு 16 புள்ளிகளில் 16 நிறத்துக்குள் வரைந்த சிறு படமும் உண்டு. படம் மூன்று சட்டகம் வரை மாறி மாறி அசையும். தலைப்பு ஷிஃப்ட்-ஜிஸ் என்ற ஜப்பானியக் குறியீட்டில் எழுதப்படுகிறது. அமெரிக்காவில் விற்ற ஆட்டத்தின் ஆங்கிலத் தலைப்புக்கும் அதே குறியீட்டின் அகன்ற எழுத்துகள்தாம். கருவி வகுத்த விதி, ஆட்டத்தைச் செய்தவர்களின் கைவண்ணம், ஆடியவரின் போக்கு என மூன்று தரப்பின் எழுத்தும் ஒரே பிளாக்கில் அடுக்காகக் கிடக்கின்றன. இவ்வளவு செறிவான ஆவணத்தைக் கம்பிகளோடு போட்டு வைப்பது எனக்கு ஒப்பவில்லை.

இதை வாசிப்பதில் பெருஞ்சிக்கல் ஒன்று உண்டு: தேதி கிடையாது. முதல் பிளேஸ்டேஷனில் நாளும் நேரமும் காட்டும் கடிகாரமே இல்லை. 2000இல் வந்த பிளேஸ்டேஷன் 2இல்தான் சேமிப்பில் தேதி பதிந்தது. முந்தைய கார்டில் நமக்குக் கிடைப்பது, ஆட்டமே எண்ணி வைத்த நேரம். 1997இன் ஃபைனல் ஃபேண்டஸி 7 அதைத் தலைப்பிலேயே எழுதிவிடுகிறது. ஒருவர் 40 மணி நேரம் ஆடியிருந்தால் அது தெரியும். ஒரு விடுமுறையில் ஆடினாரா, இரண்டு ஆண்டுகளில் விட்டுவிட்டு ஆடினாரா என்பது தெரியாது. வட்டு வெளியான ஆண்டைக் கொண்டு கீழெல்லை மட்டும் குறிக்கலாம்.

கார்டுக்கு ஆவண மதிப்புத் தருவதில் இடப் பற்றாக்குறைக்குத்தான் பெரும்பங்கு என்று கருதுகிறேன். 15 பிளாக்கும் நிறைந்த பிறகு புதிய ஆட்டத்தைத் தொடங்கினால் பழையதில் ஒன்றை அழித்தாக வேண்டும், அல்லது காசு கொடுத்து இன்னொரு கார்டு வாங்க வேண்டும். எதை வைப்பது, எதைக் கழிப்பது என்று காப்பக அலுவலர் செய்யும் மதிப்பீட்டைப் பத்துப் பன்னிரண்டு வயதுப் பிள்ளைகள் செய்தார்கள். அண்ணனும் தம்பியும் ஒரே கார்டைப் பகிர்ந்த வீட்டில் இது பேரமாகவும் சண்டையாகவும் முடிந்திருக்கும். ஆகவே கார்டில் எஞ்சியிருப்பவை தற்செயலாகத் தங்கியவையென்று கொள்ள முடியாது. பெரும்பாலும் யாரோ வேண்டுமென்று வைத்துக்கொண்டவை. இடம் தாராளமாக இருக்கும் இன்றைய வன்தட்டுச் சேமிப்பில் இந்தச் சான்று கிடைப்பதில்லை.

கார்டு ஒருவரின் ரசனையைக் காட்டும் என்பது ஆட்டம் செய்தவர்களுக்கு முன்பே தெரியும். ஹிடேயோ கோஜிமா இயக்கி கொனாமி 1998இல் வெளியிட்ட மெட்டல் கியர் சாலிடில், சைக்கோ மாண்டிஸ் என்ற எதிரி கார்டைப் படித்து, அதே நிறுவனத்தின் வேறு ஆட்டங்களின் சேமிப்பு இருந்தால் அவற்றைச் சொல்லிக்காட்டுவான். அடிக்கடி சேமிப்பவரா இல்லையா என்பதைக் கொண்டு குணத்தையும் கணிப்பான். மனத்தைப் படிக்கும் வித்தையாகக் காட்டியது உண்மையில் ஆவண வாசிப்பு.

இதற்கு எழக்கூடிய வலுவான மறுப்பு, சேமிப்பை நகலெடுக்கலாம் என்பது. நண்பனின் கார்டிலிருந்து எடுத்ததை உரிமையாளரின் ஆட்டமென்று எப்படிக் கொள்வது? கொள்ள முடியாதுதான். ஆனால் யாரிடமிருந்தோ வந்து ஒருவரிடம் தங்கியது என்ற அளவில் அதுவும் சான்றே. கைமாறிய வழக்கத்துக்குச் சான்று. நிண்டெண்டோ கேம்கியூபுக்கு 2002இல் அமெரிக்காவில் வந்த அனிமல் கிராசிங் வேறு விதம். ஆட்டத்தோடு கொடுத்த கார்டின் 59 பிளாக்குகளில் 57ஐ ஆடுபவரின் ஊரே பிடித்துக்கொள்ளும். கருவியின் சேமிப்புத் திரையில் அந்த ஊரை நகலெடுக்க முடியாது. அங்கே உடைமைத் தொடர்பு உறுதியாக நிற்கிறது.

கார்டுகளைக் காப்பகப்படுத்தும் வேலை அவசரமானதும்கூட. நிண்டெண்டோ 64இன் கண்ட்ரோலர் பேக் 32 கிலோபைட்டைப் பேட்டரியால் காத்தது. பேட்டரி தீர்ந்தால் பதிவும் போயிற்று. பிளேஸ்டேஷன் கார்டுக்கு அந்த ஆபத்து இல்லை. என்றாலும் அதைக் கருவியில் செருகி ஆடத் தொடங்கினால் பழைய பிளாக்கின் மேல் புதியது எழுதப்படலாம். எனவே யாரும் திறந்து பார்ப்பதற்கு முன்பே 131,072 பைட்டையும் அப்படியே படியெடுக்க வேண்டும்.

அந்த முழுப்படியில் உரியவர் நீக்கியதும் வந்துவிடும். பிளேஸ்டேஷனில் சேமிப்பை நீக்கும்போது உள்ளடக்கம் துடைக்கப்படுவதில்லை. அட்டவணையின் நிலைக் குறி மட்டும் 81 என்பதிலிருந்து 161 ஆக மாறும். இன்னொன்று மேலே எழுதப்படும்வரை எல்லாம் அங்கேயே இருக்கும். நீக்கியதை மீட்கும் வசதி கருவியின் அடிப்படை மென்பொருளான பயாஸிலேயே உண்டு. ஆய்வாளருக்கு இது புதையல். ஆனால் நீக்கியவர் அது போய்விட்டதென்று நம்பியே கார்டைக் கொடுத்திருப்பார், அல்லது விற்றிருப்பார். ஆடுபவர்கள் பாத்திரங்களுக்குத் தம் பெயரையும் தமக்கு வேண்டியவர் பெயரையும் வைத்த காலம் அது. கொடுத்தவர் தெரிந்தவராயின், நீக்கிய பிளாக்குகளுக்கென்று தனியே அவரிடம் ஒப்புதல் கேட்க வேண்டும். ஒப்பவில்லையென்றால் அந்தப் பகுதியை மூடி வைக்க வேண்டும். பழம்பொருள் சந்தையில் வாங்கிய, உரியவர் தெரியாத கார்டுகளில், நீக்கிய பிளாக் எந்த ஆட்டத்துக்கு உரியது என்பதைப் பட்டியலில் குறிக்கலாம். உள்ளிருக்கும் பெயர்களை வெளியிடக் கூடாது.