ஈகையும் நிய்யத்தும்

பிலிமத்தலாவைக்கு அண்மையில், உடுநுவரையிலே எலதெத்த என்னும் சிற்றூர் உளது. கண்டியரசனின் கைதியாயிருந்த றொபேட் நொக்ஸ் என்னும் ஆங்கில மாலுமி பல்லாண்டு வாழ்ந்த ஊர் அது. 1660ஆம் ஆண்டிற் பிடிபட்டு 1679இல் தப்பிச் சென்ற அவர் இயற்றிய நூல் 1681இல் இலண்டனில் அச்சேறிற்று. கண்டிச் சோனகரைப் பற்றிய சிறு குறிப்பொன்று அந்நூலில் உண்டு.

முன்னாளில் அரசன் ஒருவன் கண்டி நகரிலிருந்த சோனகர் பள்ளிக்கு ஒரு வருவாயை ஏற்படுத்தினானாம். காணியுடைய குடிகள் யாவரும் அதற்கு ஒரு பணம் செலுத்தல் வேண்டும். வீடு பூட்டியிருப்பின் உடைத்துத் திறந்து, அப்பணத்தின் பெறுமதிக்குப் பொருள் எடுத்துக்கொள்ளவும் தண்டுவோர்க்கு உரிமை இருந்தது. பௌத்த அரசொன்று பிற சமயப் பள்ளிக்கு இத்துணை ஆதரவு காட்டியமை வியப்பிற்குரியதே. எனினும், கதவை உடைத்து எடுத்த பணத்தைத் தருமம் என்று கூறுதல் எங்ஙனம்?

நொக்ஸ் இன்னொன்றையும் குறித்துள்ளார். மக்கள் அவ்வியாத்திரிகர்க்குத் தாமாகவே தாராளமாக ஈந்தனர். நல்லெண்ணம் உடையோர் காணிகளும் கொடுத்தனர். அக்காணிகளில் அவர்கள் வீடு கட்டி வாழ்ந்தனர். அவை தலைமுறை தலைமுறையாக அவர்க்கே உரியவாயின. ஆணையால் வந்த பணத்தையும் அன்பால் வந்த நிலத்தையும் அருகருகே வைத்து எழுதியவர், அரசாணைப்படி ஊரார் முறைவைத்து இட்ட சோற்றை உண்டு வாழ்ந்தவர் என்பது நினைவிற்கொள்ளத் தக்கது.

பெறுவோர்க்குப் பணம் எவ்வழி வந்தாலும் பணமே. கொடுப்போர்க்கோ அஃது அவ்வாறன்று. செயல்கள் எண்ணத்தைப் பொறுத்தனவே என்னும் நபிமொழியையே இமாம் புகாரி தம் தொகுப்பின் முதலில் வைத்தார். அவ்வெண்ணமே நிய்யத்து. இலங்கை முஸ்லிம்களிற் பெரும்பாலோர் பின்பற்றும் ஷாபிஈ வழியில், நிய்யத்தின்றிக் கொடுத்த பொருள் ஸகாத்து ஆகாது. அதனை வாயாற் சொல்லுதல் கட்டாயமன்று. உள்ளத்தில் இருத்தல் வேண்டும்.

ரமழான் மாதத்தில் இவ்வேறுபாடு நன்கு புலப்படும். நோன்பு திறப்போர்க்குக் கஞ்சி வார்ப்பதும், ஏழை வீட்டிற்கு அரிசி அனுப்புவதும், உறவினர்க்குப் புத்தாடை வழங்குவதும் வெளித்தோற்றத்தில் ஒரே வகைக் கொடையாகலாம். ஊரார் மெச்ச வேண்டுமென்று கொடுத்தானா, கடமை தீரக் கொடுத்தானா, அயலவன் பசி கண்டு கொடுத்தானா என்பதைக் கொடுத்தவனே அறிவான். வலக்கை ஈவதை இடக்கை அறியாதவாறு கொடுப்பவனை நபிமொழி சிறப்பித்துக் கூறுவதும் இதனாலன்றோ?

பித்ராவின் விதி இன்னும் நுட்பமானது. தலைக்கு ஒரு ஸாவு வீதம் அளந்து, பெருநாள் தொழுகைக்கு முன்னர் கொடுக்கும் அரிசி பித்ராவாகும். தொழுகை முடிந்தபின் கொடுத்தால், அளவும் அரிசியும் அவையேயாயினும், அது வெறும் சதகாவாகவே கொள்ளப்படும் என்கிறது நபிமொழி. ஏழையின் அடுப்பும் பெருநாள் விடியலிலேயே எரியவேண்டும் அல்லவா?