ஓணம்: வென்றவன் நாளில் தோற்றவன் வருகை

ஓணத்தின்போது கேரள வீட்டு முற்றங்களில் களிமண்ணால் பிடித்த கூம்பு வடிவம் ஒன்றை வைத்துப் படைப்பார்கள். அதன் பெயர் திருக்காக்கரையப்பன். ஆழ்வார் பாசுரம் பெற்ற திருக்காட்கரைக் கோயிலின் மூலவர் அவர், அதாவது வாமனர். ஆனால் அந்நாளில் மக்கள் எதிர்பார்த்திருப்பது மாவேலியின் வருகையை. மன்னனைப் பாதாளத்திற்கு அனுப்பியவருக்குப் படையல், அனுப்பப்பட்டவருக்கு வரவேற்பு!

இம்முரணுக்கு விளக்கம் தேடுவோர் மதுரைக்காஞ்சியிலிருந்து தொடங்குவது நலம். பாண்டியன் தலைநகரில் நடந்த ஓண நாளை அந்நூல் காட்டுகிறது. அது அவுணரை வென்ற மாயோனின் திருநாள். தெருக்களில் மறவர் போர்விளையாட்டு நிகழ்கிறது. மாவலியின் பெயரோ, அவன் மீண்டு வருவதோ அங்கு இல்லை. வாமனக் கதையைத் தமிழர் அறியாதிருந்தனர் என்றும் சொல்ல இயலாது; கையில் நீர் வார்க்க நெடிதுயர்ந்த மாலை முல்லைப்பாட்டு உவமையாக்குகிறது. ஆகவே இலக்கியத்தில் நாம் முதலில் காணும் ஓணம் வென்றவனுடையது.

மன்னனின் ஆண்டு வருகை பாகவதத்திலும் இல்லை. அங்கே பலி சுதலத்தில் வாழ்கிறான். பின்னொரு மன்வந்தரத்தில் இந்திரனாவான். வருகைக் கதைக்குத் தெளிவான பழஞ்சான்று வேறு திசையிலிருந்து கிடைக்கிறது. 11ஆம் நூற்றாண்டில் அல்பிரூனி, தீபாவளியன்று இலக்குமி பலியை ஆண்டுக்கொருமுறை விடுவிக்கிறாள் என்று எழுதினார். கன்னடரும் மராட்டியரும் இன்றும் தீபாவளிக்கு மறுநாளைப் பலிபாட்டியமி, பலிபிரதிபதை என்று கொண்டாடுகின்றனர். அம்மன்னனையே உழவரின் அரசனாகக் கண்டு 1873இல் ‘குலாம்கிரி’ எழுதினார் ஜோதிராவ் ஃபுலே. எனவே மாவேலியைக் கேரளத்திற்கு மட்டும் உரியவராகக் கொள்வது பொருந்தாது. கேரளத்தின் தனித்தன்மை, அவர் வருகையை ஐப்பசியில் அன்றி ஆவணித் திருவோணத்தில் வைத்ததே.

அதற்கு வேளாண்மை பெரிதும் துணைநின்றிருக்க வேண்டும். கர்க்கடகம் அடைமழையும் பட்டினியும் மிகுந்த மாதம். அடுத்த சிங்ஙத்தில் விரிப்பு நெல் களத்திற்கு வரத் தொடங்கும். பசி நீங்கும் பொழுதில் பஞ்சமறியாத அரசனின் நினைவு எளிதில் ஒட்டிக்கொள்ளும்.

மாவேலி ஆட்சியில் மனிதர் யாவரும் நிகர் என்பது ஓணப் பாட்டின் கருத்து. அப்பாட்டு ஒலித்த நாட்டில்தான் குத்தகையாளர் ஓணத்திற்கு முன் வாழைத்தாரைச் சுமந்துபோய் ஜன்மியின் வாசலில் காணிக்கை வைத்தனர். கைம்மாறாக ஓணக்கோடி பெற்றுத் திரும்பினர். 1970 ஜனவரி 1இல் குத்தகை முறை சட்டப்படி முடிவுக்கு வந்தது. குருவாயூர்க் கோயிலில் உத்திராடத்தன்று அந்த வாழைத்தார்கள் இன்றும் குவிகின்றன.